கெளம்புன்னு ஒரு பேரு

இல்லீங்ணா, மேல வெக்கலீங்க. பை மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப்புங்க. பஸ்ஸு குலுங்கற குலுக்குல மேலருந்து உழுந்துச்சுன்னா அதோட போச்சு. இன்னைக்கு இது இல்லாம நான் அங்க போயி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கோபி வரைக்குந்தான். நீங்களும் கோபியா? சரிங்க, அப்ப ஒண்ணாவே எறங்கிக்கலாம்.

என்ற சம்சாரத்தைக் கூட்டியாரப் போறனுங்க. வளர்மதின்னு பேரு. ஆடியில அம்மா ஊட்டுக்குப் போனவ, இப்பக் கார்த்திகை. கோவிச்சுட்டுத்தான் போயிருக்கா, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. ஆனா கோவிச்சுட்டுப் போற மாதிரி நான் ஒண்ணும் பண்ணலீங்ணா. கை நீட்டுனதில்ல. சத்தம் போட்டதில்ல. குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது. ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதுவும் அவளைச் சொல்லல, ஒரு பேரைச் சொன்னேன். அதுக்குப் பொட்டியைக் கட்டிட்டா. பேரைச் சொன்னதுக்குப் பொட்டி கட்டுனவளை நீங்க எங்கியாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அது சாப்ட்வேர் பேருங்க. நான் செஞ்சது. என்ற பேரு சென்னியப்பன், சரவணம்பட்டியில ஒரு கம்பெனியில இருக்கறேன். நீங்க என்ன பண்றீங்க? தோட்டமா? நல்லதாப் போச்சு, அப்ப உங்களுக்குச் சொல்றது லேசு. கெணத்துல மோட்டரு இருக்குது. லைன்ல கரண்டு இருக்குது. ரெண்டும் இருந்தாப் போதுமா? நடுவுல ஸ்டார்ட்டரு பொட்டி வேணுமில்லீங்க. பச்சைப் பட்டனை அமுக்குனா மோட்டரு ஓடணும். உள்ளுக்குள்ள எந்த வயரு எதுல மாட்டியிருக்குதுன்னு அமுக்கறவனுக்கு எதுக்கு? நான் செஞ்சது அந்தப் பொட்டிதானுங்க. மோட்டரு நான் செய்யல. தண்ணியும் நான் எறைக்கல. பொட்டி மட்டும்.

எங்க கம்பெனியில மில்லுகளுக்குப் புரோகிராம் எழுதித் தர்றோம். நூலு எவ்வளவு வந்துச்சு, துணி எவ்வளவு போச்சு, அதெல்லாம் அதுல பாத்துக்குவாங்க. அந்தப் புரோகிராம் தானா ஓடாதுங்க. அதை ஓட்டறதுக்கு அடியில ஒண்ணு வேணும், ரன்டைம்னு சொல்லுவாங்க, அதுதான் மோட்டருன்னு வெச்சுக்கங்களே. பழைய புரோகிராமுக்குப் பழைய மோட்டரு, புதுசுக்குப் புதுசு. ஒரே கம்ப்யூட்டர்ல மூணு நாலு கெடக்கும். கறுப்பு ஸ்கிரீன்ல எந்த மோட்டரு, அது எங்க இருக்குது, எந்தப் புரோகிராம், அதுக்கு என்னென்ன வேணும்னு ஒரு மொழ நீளத்துக்கு அடிச்சாத்தான் ஓடும். ஒரு புள்ளி மாறுச்சுன்னா ஓடாது. ஏன் ஓடலைன்னும் சொல்லாது. மில்லு சூப்பர்வைசருங்க பாவம், அந்த மொழ நீளத்தை ஒரு அட்டையில எழுதிச் செவுத்துல ஒட்டி வெச்சுருப்பாங்க. பல்லி எச்சம் போட்டு ஒரு எழுத்து அழிஞ்சா எங்களுக்குத்தான் போன்.

எங்க மேனேஜரு திருமூர்த்தி சாரு ஒரு நாள் கூப்புட்டாரு. "சென்னி, ஒரு வார்த்தை அடிக்கணும், ஓடணும். எப்பிடிப் பண்ணுவியோ எனக்குத் தெரியாது"ன்னாரு. அது வைகாசிங்க.

நெம்பச் சின்ன வேலைதான். பசங்க கிட்டக் குடுத்தா அரை நாள்ல எழுதிருவாங்க. எழுதறது பெருசில்லீங்ணா, என்னத்தை எழுதக்கூடாதுன்னு தெரியணும். நான் மொதல்ல ஒக்காந்து ரோசனை பண்ணேன். இது எங்கெங்க தேடணும்? மொதல்ல அந்தப் புரோகிராம் இருக்கற எடத்துலயே மோட்டரு இருக்குதான்னு பாக்கணும். இல்லைன்னா அந்த ஆளோட எடத்துல. அங்கியும் இல்லைன்னாத்தான் பொது எடத்துக்குப் போகணும். ஊட்டுக்குள்ள பாத்துப்போட்டுத்தான வெளியில தேடுவோம், அந்தக் கணக்குத்தான். கெடைச்சிருச்சுன்னா ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான் கண்டுபுடிச்சுட்டேன், ஓட்டப் போறேன்னு பீத்திக்கக் கூடாது. மோட்டரை ஓட்டி உட்டுட்டுத் தான் ஒதுங்கிக்கணும். சத்தமில்லாம இருந்துச்சுன்னா எல்லாம் நல்லாருக்குதுன்னு அர்த்தம். எங்க தொழில்ல அதுதாங்க சட்டம்.

கெடைக்கலைன்னா மட்டும் பேசணும். அதையும் சும்மா 'கோளாறு'ன்னு சொல்லிப்போட்டு நிக்கக் கூடாது. இன்னதைத் தேடுனேன், இங்கெல்லாம் பாத்தேன், இல்லை, நீங்க இன்னது பண்ணுங்கன்னு தன்மையாச் சொல்லணும். அந்த ஒரு வரிக்கு நான் ஒரு நாள் பூரா ஒக்காந்தேன். படிக்கறவன் மனசு நோகக் கூடாதில்லீங்க. திருமூர்த்தி சாரு பாத்துட்டு, "ஏய்யா, உன்ற பொட்டி உன்னைவிட நல்லாப் பேசுது"ன்னு சிரிச்சாரு. எல்லாருஞ் சிரிச்சாங்க.

ஒரு தப்பு வந்துச்சு. ஒரு மில்லுல புரோகிராம் பேருக்கு நடுவுல எடம் உட்டு எழுதியிருந்தாங்க. நம்ம பொட்டி என்ன பண்ணுச்சு, அந்தப் பேரை ரெண்டாப் பிச்சு, மொதத் துண்டை மட்டும் தூக்கிட்டு ஓடுச்சு. அந்தத் துண்டுல ஒண்ணுமே இல்லைன்னு வந்து நின்னுச்சு. அப்பறம் திருத்துனேன். யாரு என்ன குடுத்தாலும் முழுசா வாங்கிக்க, வாங்குனதை அப்பிடியே ஒப்படை, நடுவுல கை வெக்காதேன்னு. அதுக்கப்பறம் அந்தத் தப்பு வரவே இல்லீங்க.

நடுவுல ஆனியில ஒரு ஆஸ்பத்திரி சோலி வந்துருச்சு. அதுல வேலை ஒரு வாரம் நின்னுபோச்சு.

இல்லீங், எனக்கில்ல. வளர்மதிக்கு. ஏழாம் மாசமுங்க. ஆறு வருசங் கழிச்சுத் தங்குனது. வளைகாப்புக்கு மண்டபம் பேசியாச்சு, வளையலுக்குச் சொல்லியாச்சு. ஒரு நாள் காத்தால 'அசைவே தெரியலீங்க'ன்னா. போனோம். இல்லைன்னுட்டாங்க. அப்பறம் வலி வர ஊசி போட்டு, எல்லாப் பிரசவமும் மாதிரியே அதையும் பெத்துத்தான் எடுக்கணுமாமாங்ணா. எனக்கு அது வரைக்கும் அது தெரியாது. பொட்டப்புள்ளைன்னு நர்ஸம்மா வந்து சொன்னாங்க. நான் பாக்கல. மாமனாரும் என்ற அண்ணனுந்தான் எடுத்துட்டுப் போனாங்க. அந்நேரத்துக்கு நான் கேண்டீனுக்கு டீ வாங்கப் போயிருந்தேன். எல்லாருக்கும் வாங்கியாந்தேன், வந்து பாத்தா யாரும் இல்ல. டீயைக் கையில புடிச்சுட்டு ஆறற வரைக்கும் நின்னேன்.

எனக்கு ஒண்ணும் ஆகலீங்ணா. ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்தாங்க, மாப்ள திடமா இருக்கறாருன்னாங்க. திடமெல்லாம் இல்ல. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு ஒக்காந்தாக் கால் மரத்துப் போகுமில்லீங்க, கிள்ளுனாக்கூடத் தெரியாதே, அந்த மாதிரி ஆளே மரத்துப் போச்சு. சோத்துல உப்பு இருக்குதா இல்லையான்னு தெரியாது, ஆனாத் தின்னேன். படுத்தாத் தூங்குனேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல. சரி, வரலைன்னா என்ன பண்றதுன்னு ஆபீஸுக்குப் போயிட்டேன். அங்க போயி ஒக்காந்தாக் கையி பாட்டுக்கு வேலை செஞ்சுது. அந்தப் பொட்டி வேலை அப்ப எனக்கு நெம்ப நல்லா இருந்துச்சுங்க. சின்னது. இதைத் தேடு, இங்க தேடு, கெடைச்சா ஓட்டு. அவ்வளவுதான். வேற எதையும் கேக்காது.

அவளும் ஒண்ணும் பேசமாட்டா. செவுத்தைப் பாத்துப் படுத்திருப்பா. சோறு போட்டு வெச்சாத் தின்னுவா. அவிங்கம்மா கொஞ்ச நாள் இருந்தாங்க, அப்பறம் மாடு கன்னு கெடக்குதுன்னு ஊருக்குப் போயிட்டாங்க. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாம அமைதியா இருக்கறாளே, தேறிட்டா போலிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். நானும் ஒண்ணும் கேக்கல. கேட்டு எதுக்குக் கெளறணும்? பொழுதோட வந்து லேப்டாப்பைத் தொறந்து ஒக்காந்துக்குவேன். ஆனா ஒண்ணுங்க, ஆபீஸ் பேச்சை ஊட்டுல எடுக்கவே மாட்டேன். கலியாணம் ஆன நாள்லருந்து அது என்ற பழக்கம். இவன் இப்பிடிச் சொன்னான், அவரு அப்பிடிச் சொன்னாருன்னு அதையெல்லாம் கொண்டாந்து ஊட்டுல கொட்டற ஆளு நானில்ல.

வேலையெல்லாம் முடிஞ்சுது. பேரு வெக்கோணும். அதுல நின்னுபோச்சுங்க.

இங்கிலீசுல நல்ல பேரையெல்லாம் எவனாச்சும் முன்னாலயே எடுத்துட்டான். ரன்னு, ஸ்டார்ட்டு எல்லாம் இருக்குது. நம்ம பேரா வெப்போம்னு நான்தான் சொன்னேன். இங்கிலீசு எழுத்துல தமிழ்ப் பேரு. 'ஓடு'ன்னு வெச்சேன். ஊட்டு மேல போடற ஓடான்னு கேட்டாங்க. 'போ'ன்னு வெச்சேன். மில்லு மொதலாளி ஒக்காந்து போ, போன்னு அடிப்பாரா, மருவாதி இல்லையேன்னாங்க. அப்பறந்தான் 'கெளம்பு' தோணுச்சு. வாயில நிக்குது, சின்னதா இருக்குது, அது என்ன பண்ணுதோ அதையே சொல்லுது. கெளம்புன்னு போட்டு, பக்கத்துல ஒரு புரோகிராம் பேரு, அவ்வளவுதான், ஓடிரும். பக்கத்து சீட்டுப் புள்ள ஒண்ணு, "கோயமுத்தூர்ல இருந்துட்டுக் கெளம்புங்கன்னு வெக்காம என்னங்ணா இது"ன்னு கிண்டல் பண்ணுச்சு. திருமூர்த்தி சாரு, "கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா ங்க? கெளம்பே இருக்கட்டும்"னுட்டாரு.

மறுநாள் ஞாயித்துக்கெழம. மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாப்பாட்டு டேபிள்லயே லேப்டாப்பை வெச்சு, பழைய பேரு இருக்கற எடத்துலயெல்லாம் கெளம்புன்னு மாத்திட்டு இருந்தேன். வளர்மதி எந்திரிச்சு வந்தா. வந்து என்ற நாற்காலிக்குப் பொறகால நின்னா. அவளா எந்திரிச்சு வந்ததே அத்தனை நாளைக்கு அன்னைக்குத்தானுங்க. நின்னு, பேரு என்னன்னு கேட்டா. நான் திரும்பல. கை வேலையா இருக்குதில்லீங்க. "கெளம்பு"ன்னேன்.

சித்த நேரம் அப்பிடியே நின்னா. "நல்லாருக்குதில்ல?"ன்னு கேட்டேன். உள்ள போயிட்டா. அவ்வளவுதாங்க நடந்தது. இதுல என்ற தப்பு எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க.

அடுத்த நாள் ஆபீஸ் போயிட்டு வந்தா ஊடு பூட்டியிருக்குது. மாமனாரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு பக்கத்தூட்டுக்காரம்மா சாவியைக் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் தோணலீங்க. ஆடி பொறந்துருச்சே, ஆடிக்கு அழைச்சிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். அந்தம்மா கிட்டயும் அதையேதான் சொன்னேன். "ஏனுங் தம்பி, கலியாணமாகி ஆறு வருசமாச்சு, இன்னுமா உங்களுக்கு ஆடி அழைப்பு?"ன்னு சிரிச்சாங்க. புதுசாக் கட்டுனவிங்களுக்குத்தான ஆடியில பிரிச்சு வெக்கறது. நானும் சும்மா சிரிச்சு வெச்சேன்.

ஆடி போச்சு. ஆவணியில கேட்டவிங்களுக்கும் ஆடிக்குப் போயிருக்கான்னே சொன்னேன், அவிங்களும் பாவம்னு உட்டுட்டாங்க. போன் பண்ணா மாமனாருதான் எடுப்பாரு. "தூங்கறாளுங் மாப்ள." எந்நேரம் பண்ணாலுந் தூங்கறாளுங் மாப்ள. சரிங்க மாமான்னு வெச்சுருவேன். தீவாளிக்குப் போகலாம்னு இருந்தேன். அவிங்க கூப்புடல, நான் போகல. ஊட்டுல தனியா ஒக்காந்து டிவி பாத்தேன். அன்னைக்கு என்ன பாத்தேன்னு இப்பக் கேட்டாச் சொல்லத் தெரியாது.

ஆனா கெளம்பு நல்லாப் போச்சுங்க. எல்லா மில்லுலயும் போட்டாச்சு. ஒரு சூப்பர்வைசரு போன் பண்ணி, "கெளம்புன்னாக் கெளம்பிருதுங் சார்"னாரு. ஆபீஸ்ல எல்லாரையும் நிக்க வெச்சு, எனக்கு ஒரு சால்வை போத்துனாங்க. அது ஊட்டுல கெடக்குது.

முந்தாநாளு போன் பண்ணேன். மாமியா எடுத்தாங்க. நான் எப்பவும்போல நல்லாருக்கீங்களா அத்தைன்னேன். அந்தம்மாவுக்கு என்ன தோணுச்சோ, படபடன்னு கொட்டிட்டாங்க. "ஏனுங் மாப்ள, வாயைத் தொறந்து கேட்டவளைக் கெளம்புன்னு சொல்லிப்போட்டு, நல்லாருக்குதில்லன்னு வேற கேட்டீங்களாமா? நீங்க அப்பிடிச் சொன்னப்பறம் அந்த ஊட்டுல அவ எப்பிடிங்க இருப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்ணா. நெசமாத்தான் சொல்றேன். இத்தனை மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சேன். அட, இவ்வளவுதானா? நான் பேரைச் சொன்னேன், அவ ஊட்டை உட்டுக் கெளம்புன்னு நெனச்சுட்டா! உடனே லீவு போட்டேன். இதுக்குத்தான் லேப்டாப்பு. போனதும் அவளை முன்னால ஒக்கார வெச்சு, கறுப்பு ஸ்கிரீனைத் தொறந்து, கெளம்புன்னு அடிச்சுக் காட்டுவேன். இதா பாரு, ஓடுது பாரு, இதுதாம்மா கெளம்பு, உன்னைச் சொல்லலைன்னு. கண்ணால பாத்தா நம்பித்தான ஆகோணும்? சாயங்கால பஸ்ஸுக்கே கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கறேன். ஊட்டைக்கூடக் கூட்டிப் பெருக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன்.

நம்பியூரு வந்துருச்சா? இனிப் பக்கந்தான்.

என்னங்க கேட்டீங்க? காத்துல கேக்கல.

அவளுக்குத் தெரியுமாவா? இந்த சாப்ட்வேரா? எங்கீங்க தெரியும். நாந்தான் சொன்னனே, ஆபீஸ் பேச்சை ஊட்டுல எடுக்கவே மாட்டேன்னு. நான் ஒரு பொட்டி செய்யறேன், அதுக்குப் பேரு தேடறேன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அப்ப எந்தப் பேரைக் கேட்டான்னு கேக்கறீங்களா?

எந்தப் பேருன்னா... பேருதானுங்க. பேரு என்னன்னு கேட்டா.

இருங்க. சித்த இருங்கண்ணா.

பேரு என்னன்னு கேக்கலீங்க அவ. அது நான் சொல்றது. அவ கேட்டது, 'பேரு என்னன்னு நெனச்சு வெச்சிருந்தீங்க'ன்னு. ஆமாங்க. 'ஏனுங், பேரு என்னன்னு நெனச்சு வெச்சிருந்தீங்க?' அப்பிடித்தான் கேட்டா. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. வெச்சிருக்கீங்கன்னு கேக்கல. வெச்சிருந்தீங்கன்னு கேட்டா.

நான் பேருங்கறதை மட்டுந்தான் எடுத்துட்டேன்.

அப்ப இதை அவகிட்டக் காட்ட முடியாதுங்களே. இல்லீங்களா? காட்டுனா என்னன்னு ஆகும்? உன்னைக் கெளம்புன்னு சொல்லலைம்மா, நீ நம்ம புள்ளையோட பேரைக் கேட்டப்ப நான் சாப்ட்வேருக்கு வெக்கற பேரை நெனச்சுட்டு இருந்தேன்னு ஆகும். அதுக்கு அவ நெனச்சுட்டு இருக்கறதே தேவலைங்க. கோவத்துல வெரட்டுனேன்னாவது இருக்கட்டும். நல்லாருக்குதில்லன்னு வேற கேட்டேன். சாமி. திரும்பிக்கூடப் பாக்கல நானு.

இல்லீங்ணா, ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம். காலு மரத்துப் போயி மறுபடி உசுரு வரும்போது சுருக்கு சுருக்குன்னு குத்துமில்லீங்க, அதுதான். சரியாப் போயிரும். நீங்க அங்கிட்டுப் பாருங்க.

உங்க பக்கமெல்லாம் அப்பிடிப் போன கொழந்தைக்குப் பேரு வெப்பாங்களாண்ணா? எங்க பக்கம் வெக்கறதில்ல. ஆஸ்பத்திரியில குடுத்த காயிதத்துலகூட அவ பேரைப் போட்டு, அவளோட கொழந்தைன்னுதான் இருந்துச்சு. பேரில்லாமத்தான் எடுத்துட்டுப் போனாங்க. நான் அப்ப டீ வாங்கப் போயிருந்தேன். எனக்கும் சேத்து வாங்குனேன்.

ஆனா நெனச்சு வெச்சிருந்தனுங்க. அவ கேட்டது சரிதான். நெசமாவே ஒரு பேரு வெச்சிருந்தேன். மாசமா இருக்கறான்னு தெரிஞ்ச அன்னைக்கே வண்டி ஓட்டிட்டு வரும்போது தோணுச்சு. பையன்னா என்னன்னு ரோசனையே பண்ணல. பொண்ணுக்கு மட்டுந்தான். வண்டியில வரும்போதெல்லாம் வாய்க்குள்ளயே கூப்புட்டுப் பாப்பேன். வளைகாப்பன்னைக்கு எல்லாரு முன்னாலயும் அவ காதுல சொல்லலாம்னு இருந்தேன். அப்பறம் அதை மறந்துட்டனா, என்னான்னு தெரியல. இந்நேரம் வரைக்கும் ஞாபகமே இல்லீங்க. இப்ப நீங்க கேக்கவுந்தான்.

கோபி வந்துருச்சு. எறங்கலாங்க, பாத்து. முன்னால போங்க.

என்ன பேருன்னா? இல்லீங்ணா, கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்டச் சொல்லமாட்டேன். அவதான கேட்டா.